பட்டால் கட்டிய சுவர்

கவிதையை வாசித்து முடித்ததும் என் மகள் கயல் மேடையிலிருந்து சபையைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் நானும் என் தங்கை வசந்தியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். பிள்ளையின் கண் என் முகத்தில் பட்டது. அங்கே நிற்காமல் தாண்டித் தங்கையின் முகத்தில் போய் நின்றது. தங்கை மெல்லத் தலையை ஆட்டினாள். சொன்னதெல்லாம் சரி என்று ஒப்புதல் கொடுப்பது போன்ற தலையாட்டல்.

நான் கைதட்டினேன். உள்ளங்கை நோகும்வரை தட்டினேன்.

கிளிநொச்சியில் ஒரு பாடசாலை மண்டபம் அது. வெயில் காலம். விசிறிகள் எல்லாம் சுற்றின, ஆனாலும் எல்லோருக்கும் வியர்த்தது. பின்வாசலால் யாரோ பருப்புக்குத் தாளிக்கும் மணம் வந்தது. கவிதைப் போட்டியில் முதலிடம் எடுத்த பிள்ளை, பரிசளிப்பு நாளில் தன் கவிதையைத் தானே வாசிக்க வேண்டும். போட்டியன்று அந்த இடத்தில் வைத்துத்தான் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள்: "சுவர்". என்ன எழுதினாய் என்று வீட்டில் எத்தனையோ தரம் கேட்டேன். "மேடையில கேளுங்கோவன் அம்மா" என்றுவிட்டாள்.

கேட்டேன். இதுதான் அது:

கூறைச் சேலையைக் கிழித்தாள் ஒருத்தி,
மண் நிரப்பித் தைத்தாள்,
அடுக்கினாள்.
பட்டுச் சுவருக்குள்ளே
எனக்குப் பயமே இல்லை.
வெளியே இடி இடித்தபோது
வானம் இறங்கி வந்து
என்மேல் படுத்துக்கொண்டது.

இவ்வளவுதான். வாசித்த குரல் நடுங்கவில்லை.

நடுவர் சொன்ன விளக்கம்

நடுவராக வந்தவர் வெளிமாவட்டத்து ஆசிரியர். நல்ல மனிதர், நன்றாகப் பேசினார். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "பட்டினால் சுவர் கட்ட முடியுமா? முடியாது. முடியாத ஒன்றை முடியும் என்று காட்டுகிறாள் இந்தப் பிள்ளை. பட்டுச் சுவர் என்பது தாய்மைக்கு வந்த உருவகம். எவ்வளவு மென்மை, எவ்வளவு உறுதி, பாருங்கள்" என்றார்.

எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, பக்கத்திலிருந்தவவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"என்ரை பச்சைச் சீலையும் உந்த உருவகத்திலதான் போனது."

"எனக்கு ரண்டு காஞ்சிபுரம்" என்றா மற்றவ.

இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். வன்னியில் என் வயதுப் பெண்களுக்கு அந்தச் சிரிப்பு விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போரின் கடைசி மாதங்களில் ஓடி ஓடி நாங்கள் போய்ச் சேர்ந்தது கடற்கரை மணல். செல் எறிகணைகளுக்குப் பதுங்க மணலில் பங்கர் வெட்டினால் பக்கம் சரிந்து விழும். சரியாமலிருக்க மண்மூட்டை அடுக்க வேண்டும். உரப்பைகள் முடிந்துபோயின. பிறகு வீட்டுச் சேலைகள், அவையும் முடிய, பெட்டியின் அடியிலிருந்த பட்டுச் சேலைகள். அரக்கு, மயில்நீலம், மாம்பழ நிறம், சரிகைக் கரை எல்லாம் வெயிலில் மின்ன மின்னப் பங்கர் வாசலில் அடுக்கிக் கிடந்தன. கலியாண வீடு மாதிரி இருக்கும்.

ஆகவே அது உருவகம் இல்லை. அது எங்கள் பங்கர். அந்தக் கூறைச் சேலை என்னுடையது. பருத்திச் சேலைகள் முடிந்த அன்று, "அக்கா, இனி அதுதான் இருக்கு" என்றாள் வசந்தி. எடுத்துக் கொடுத்தேன். கைமெசினை மணலில் வைத்துத் தைத்தது அவள்.

சேலை என்னுடையது. பிள்ளை என்னுடையது. ஆனால் கவிதையில் வரும் "ஒருத்தி" யார்? தைத்தவள்.

நடுவர் தாய்மை, தாய்மை என்று சொல்லும்போதெல்லாம் பக்கத்துக் கதிரையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கைக்குட்டை நீட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை.

சின்னம்மாவும் சித்தியும்

இந்தப் பொறாமைக்கு என் மகளைவிட வயது கொஞ்சம்தான் குறைவு.

கயலுக்கு இரண்டு வயது இருக்கும்போது எனக்கு முதுகில் காயம். தோள்பட்டைக்குக் கீழே. காயக்காரரைக் கப்பலில் ஏற்றினார்கள். என்னை ஏற்றியது எனக்குத் தெரியாது. பிள்ளை தங்கையோடு தங்கிவிட்டாள். நான் எங்கோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறக் கிடந்த மாதங்களில், அவர்கள் இருவரும் வவுனியாப் பக்கத்து முகாமில் ஒரு கூடாரத்தில் இருந்திருக்கிறார்கள். என் கணவர், வன்னிக்கு வரும் பாதையைப் பூட்டியபோதே வவுனியாவில் அகப்பட்டுக்கொண்டவர். அவர்தான் அலைந்து அலைந்து முதலில் என்னையும் பிறகு அவர்களையும் கண்டுபிடித்தார்.

நான் முகாமுக்குப் போன நாள் நல்ல நினைவு. கூடாரத் தறப்பாள் சூட்டில் வேகும் மணம். பிள்ளை என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வசந்தியின் பாவாடைக்குப் பின்னால் ஒளித்தாள். "அம்மா, ஆரோ வந்திருக்கினம்" என்றாள். அம்மா என்றது வசந்தியை.

வசந்தி உடனே, "நான் இல்லைக் குஞ்சு, இவதான் அம்மா" என்று பிள்ளையை என் பக்கம் தள்ளினாள். பாவம், அவள் சரியாகத்தான் செய்தாள். அவள் சரியாகச் செய்ததுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது.

எங்கள் பக்கம் தாயின் தங்கையைச் சின்னம்மா என்றும் கூப்பிடுவார்கள், சித்தி என்றும் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுப் பழக்கம் சின்னம்மாதான். நான் வேண்டுமென்றே சித்தி என்று பழக்கினேன். சின்னம்மாவுக்குள் ஒரு அம்மா இருக்கிறதே.

பிறகு எங்கள் ஊர் வட்டக்கச்சிக்குத் திரும்பினோம். வசந்தி கலியாணம் முடித்து, எங்கள் வீட்டு வாய்க்கால் ஓரமாகவே நாலு வளவு தள்ளிக் குடியிருக்கிறாள். இரண்டு ஆண்பிள்ளைகள். பள்ளிக்கூட உடுப்புத் தைப்பாள். என் பிள்ளை ரியூசன் முடிந்து வரும் வழியில் அந்த வீடு முதலில் வரும். சைக்கிள் அங்கே நிற்கும். நான் என் வீட்டுக் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அணிகளைப் படிப்பித்த கதை

ஒன்றில்தான் எனக்கு மிதப்பு இருந்தது. நான் உயர்தரத்தில் தமிழ் படித்தவள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தாலும் எதுகை, மோனை, அணி எல்லாம் மறக்கவில்லை. கயல் உயர்தரத்துக்குத் தமிழ் எடுத்தபோது, இது என்னிடம்தான் வரும் என்று நினைத்தேன். வசந்திக்கு ஊசியும் நூலும் தெரியும். உருவகம் தெரியாது.

பின்னேரங்களில் மேசையில் இருத்திப் படிப்பித்தேன். பாடப் புத்தக உதாரணம் வேண்டாம், வீட்டிலிருந்து சொல்லு என்பேன். மோனை, அடியிலும் சீரிலும் முதலெழுத்து ஒன்றிவருவது. எதுகை, இரண்டாம் எழுத்து. "வாய்க்கால், வாழை" என்றாள் மோனைக்கு. "பட்டம், சட்டம்" என்றாள் எதுகைக்கு. கெட்டிக்காரி.

உவமைக்கு வந்தோம். ஒன்றை இன்னொன்றுக்கு ஒப்பிட வேண்டும், இடையில் போல, மாதிரி என்று ஒரு சொல் நிற்க வேண்டும் என்றேன். யோசிக்கவேயில்லை அவள்.

"சித்தி அம்மா மாதிரி."

"சரி" என்றேன். "அந்த 'மாதிரி' முக்கியம், விளங்குதே? அது இருக்கும்வரைக்கும் ரண்டும் வேற வேற."

"உருவகம் எண்டா?"

"அந்த 'மாதிரி'யை எடுத்துவிடோணும். இதுதான் அது எண்டு சொல்லோணும்."

அவள் வாயைத் திறக்குமுன், "வேற உதாரணம் யோசி" என்றேன்.

அவள் பேனையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று நான் கேட்கவில்லை.

தற்குறிப்பேற்ற அணிதான் எனக்கு மிகவும் பிடித்தது. இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் நாங்கள் எங்கள் சொந்தக் காரணத்தை ஏற்றிச் சொல்வது. அன்றைக்கு யன்னலுக்கு வெளியே காட்டி விளக்கினேன். குளத்திலிருந்து வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். எங்கள் வளவைத் தாண்டி வசந்தி வீட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நிலம் அந்தப் பக்கம் சரிவு, அதனால் ஓடுகிறது. "சித்தியைப் பார்க்கத்தான் தண்ணி அவசரப்பட்டு ஓடுது எண்டு ஒரு ஆள் சொன்னா, அது தற்குறிப்பேற்றம்."

"ஆர் அப்பிடிச் சொல்லுவினம்?" என்றாள் பிள்ளை.

பொறாமை பிடித்தவர்களுக்கு அந்த அணியைப் படிப்பிக்கத் தேவையில்லை. அவர்கள் காலை எழும்பியதிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். சைக்கிள் அங்கே நின்றால் ஒரு காரணம். இங்கே வந்து பிள்ளை பேசாமல் சாப்பிட்டால் ஒரு காரணம். மேடையிலிருந்து கண் தாண்டிப் போனால் ஒரு காரணம்.

நான் எழும்பிப் போவது

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

போரின் அந்தக் கடைசி மாதங்களைப்பற்றி யாராவது கதைக்கத் தொடங்கினால் நான் அந்த இடத்தில் இருக்க மாட்டேன். ஏலாது. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினாலே காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்துகிற ஆள் நான். கதை அந்தப் பக்கம் திரும்பினால் எழும்பிக் குசினிக்குள் போவேன். கழுவின சட்டியைத் திரும்பக் கழுவுவேன். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போயிற்று. நான் வந்தால் கதையை மாற்றிவிடுவார்கள்.

எனக்கு நினைவிருப்பதும் கொஞ்சம்தான். பங்கருக்கு வெளியே கஞ்சிச் சட்டியோடு நிற்கிறேன். கஞ்சியில் உப்பில்லை. பிறகு கப்பலின் டீசல் மணம். நடுவில் ஒன்றும் இல்லை.

ஆகவே எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்: செல் விழுந்தபோது பிள்ளை உள்ளே, வசந்தி உள்ளே, நான் வெளியே. பிள்ளைக்குக் கவசமாக இருந்தது அவள். கஞ்சிச் சட்டிக்குக் காவலாக இருந்தது நான். இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் அவள் ஓம் என்பாள். அந்த ஓமைக் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

இப்போது அந்தக் கடைசி அடிகளைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். வானம் இறங்கி வந்து என்மேல் படுத்துக்கொண்டது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி நினைவிருக்கும்? யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார் சொல்லியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தன்னை வானமாக்கிச் சொல்லியிருக்கிறாள் என்று அந்த மண்டபத்தில் இருந்துகொண்டு முடிவெடுத்தேன்.

வசந்தி வீட்டு விறாந்தையில்

பின்னேரம் பஸ்சில் திரும்பினோம். மூன்று பேர் இருக்கும் இருக்கை. யன்னலோரம் நான். பிள்ளை நடுவில். அவள் பரிசுக் கேடயத்தை என் மடியில் வைத்துவிட்டு வசந்தியின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். கேடயம் கனமில்லை. பிளாஸ்ரிக்.

சந்தியில் இறங்கி நடந்தோம். "பிளேன்ரீ குடிச்சிட்டுப் போங்கோ அக்கா" என்றாள் வசந்தி. போகாமல் விட்டிருப்பேன். பிள்ளை ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

வசந்தி தேத்தண்ணி தந்துவிட்டு, யாருக்கோ அவசரமாகக் கொடுக்க வேண்டிய சட்டையை எடுத்துக்கொண்டு மெசினில் இருந்தாள். ஒரு கையில் துணி, ஒரு கண் எங்கள் மேல். அவள் அப்படித்தான். நான் இரண்டு வாய் குடித்தேன். பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனால் நேரே கேட்கவும் வாய் வரவில்லை. ஆசிரியை மாதிரிக் கேட்டேன்.

"கவிதை வடிவுதான். ஆனா ஒரு பிழை இருக்கு."

"என்ன பிழை?" கயல் நிமிர்ந்தாள்.

"முதல்ல ஒருத்தி வாறாள். தைக்கிறாள், அடுக்கிறாள். பிறகு வானம் வருது. வானமும் அவள்தானோ? அப்பிடியெண்டா ஒரே ஆளுக்கு ரண்டு உருவகம் ஏன்? வாசிக்கிற ஆளுக்குக் குழப்பம்."

"ஒரே ஆள் இல்லையே அம்மா. தைச்சது சித்தி. வானம் நீங்கள்."

மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் எப்பிடி வானம்? நான் வெளியிலயெல்லே நிண்டனான்" என்றேன்.

மெசின் நின்றது.

"ஆர் சொன்னது வெளியில நிண்டனீங்கள் எண்டு?" என்றாள் வசந்தி.

"எனக்குத் தெரியும். கஞ்சிச் சட்டியோட."

"அது முதல். முதல் செல் அங்கால விழுந்தவுடன சட்டியைப் போட்டிட்டுப் பாஞ்சு உள்ள வந்தனீங்கள். நானும் இவளும் மூலைக்குள்ள. எங்களுக்கு மேல விழுந்தனீங்கள் அக்கா. ரண்டாவது செல் வாசல்ல. அதுதானே உங்களுக்கு முதுகில." அவள் கையைப் பின்னால் வளைத்து, தன் தோள்பட்டைக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். நான் குளிக்கும்போது கை எட்டாத அதே இடம். "வெளியில நிண்டிருந்தா நீங்கள் இப்ப தேத்தண்ணி குடிப்பீங்களே?"

நான் கோப்பையைப் பார்த்தேன். எழும்ப வேண்டும் போல் இருந்தது. அது என்னுடைய குசினி இல்லை, போக இடமில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எங்க சொல்ல விட்டனீங்கள்? வாயைத் திறந்தா எழும்பிப் போயிடுவீங்கள். சட்டி கழுவ." அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "இவள்தான் நெடுகக் கேப்பாள். ரியூசனால வந்து, சித்தி, அம்மா விழுந்த கதையைச் சொல்லுங்கோ எண்டு. எத்தினை தரம் சொல்லியாச்சு."

கயல் பரிசுக் கேடயத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேடையிலிருந்து அவள் என் தங்கையைப் பார்த்த பார்வை இப்போது எனக்கு விளங்கியது. சாட்சியைப் பார்க்கிற பார்வை அது. சொன்னது சரிதானே என்று கேட்டிருக்கிறாள்.

சைக்கிள் அந்த வீட்டு வாசலில் நின்ற பின்னேரங்களில் உள்ளே நடந்த கதை என்னைப்பற்றியது. அப்படியென்றால் எனக்குப் பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் ஒன்று, அதை நான் பார்க்கவில்லை, அவள் பார்த்திருக்கிறாள். இத்தனை வருடமும் அதை வைத்திருந்தது அவள். என் பிள்ளைக்கு என்னைத் தந்ததும் அவள்தான்.

"வானமெண்டு போட்டது நான்" என்றாள் கயல், ஏதோ சமாதானம் சொல்வதுபோல. "சித்தி அப்பிடிச் சொல்லேல்லை. சித்தி சொன்னது அம்மா சரியான பாரம் எண்டு."

"பாரம்தானே. மூச்செடுக்க ஏலாது" என்றாள் வசந்தி. "அசையவும் மாட்டன் எண்டிட்டீங்கள். இவள்தான் அடியில கிடந்து ரண்டு கையாலயும் அடிச்சு அடிச்சுக் கத்தினவள். 'அம்மா, பாரம், எழும்பு' எண்டு."

நடுவருக்கு இதைச் சொன்னால் இதற்கும் ஒரு அணி சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்த எந்த அணியும் அந்த மூன்று சொல்லில் இல்லை. எனக்கு ஒன்றைத்தான் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது.

"அம்மா எண்டுதான் சொன்னவளோ? வடிவா நினைவிருக்கே?"

வசந்தி என்னைப் பார்த்தாள். முகாமில் அந்தப் பிள்ளை தன் பாவாடைக்குப் பின்னால் ஒளித்ததை அவளும் மறக்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. நான் ஏன் சின்னம்மா என்று பழக்கவில்லை என்பதும் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"ஓமக்கா. நான் பக்கத்திலதான் கிடந்தனான். என்னைக் கூப்பிடேல்லை. உங்களைத்தான்."

"இன்னொருக்காச் சொல்லு."

அவள் துணியை மடியில் வைத்தாள். இரண்டு வயதுப் பிள்ளையின் குரலில், அதே மழலையில், அதே அழுகையோடு சொன்னாள். கயல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முதுகில் அந்த இடம் கூசியது.

அந்தக் குரல் எனக்கு வராது. வீட்டில் தனியே இருக்கும்போது முயன்று பார்த்தேன், வரவில்லை. அது வசந்தியிடம் மட்டும்தான் இருக்கிறது. கேட்க வேண்டுமென்றால் நாலு வளவு தள்ளி அவளிடம்தான் போக வேண்டும். இப்போதெல்லாம் அவள் வீட்டு வாசலில் கயலின் சைக்கிளுக்குப் பக்கத்தில் என் செருப்பும் கிடக்கும்.